மகிழ மரம் கேட்ட தண்ணீர்

சாத்தான்குளத்தில் எஸ்தரம்மாள் வீட்டு மகிழ மரத்தில், இலை வாடினால் தண்ணீர் கேட்கும் கருவி இருந்தது. அதற்கு இறந்துபோன கணவரின் குரலைக் கொடுத்திருந்தாள். "எஸ்தரு, கொஞ்சம் தண்ணி தா" என்று கேட்கும்போதெல்லாம் குடம் குடமாக ஊற்றினாள். இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

மர வைத்தியர் கோமளா வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "தண்ணி கூடிப்போய் வேர் அழுகுதும்மா. அதுலதான் இலை வாடுது. வறண்ட மண்ணைத் தாங்குற மரம் இது. இனி கேட்டாலும் ஊத்தாதீங்க."

எஸ்தரம்மாளின் கண்கள் கலங்கின. "கிட்னி கெட்டுக் கிடந்தப்பவும் அவுக இப்படித்தான் தண்ணி கேட்டாவ. டாக்டர் கொடுக்கக் கூடாதுன்னுட்டாரு. நான் காது கேக்காதவ மாதிரி அடுப்படியிலயே நின்னுட்டேன்."

கோமளா மரத்திலிருந்த கருவியில் கை வைத்தாள். "குரலை நிறுத்திடவாம்மா?"

"வேண்டாம் தாயி. தண்ணிதான கொடுக்கக் கூடாது? பக்கத்துல உக்காந்து பேசலாம்லா?" என்றபடி அவள் நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டாள்.