நான்கு விரல் அகலம்

“அந்த அத்தை குனியும்போதெல்லாம் ஏம்ப்பா முதுகுல கை வச்சுக்கறாங்க?” என்று, காய்ச்சலில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த மகள் சென்ற ஆண்டு தையல்காரரிடம் கேட்டாள். அதே மருத்துவமனையின் தையல் அறையில், அந்தத் துப்புரவுப் பெண் இப்போது புதுச் சீருடையின் மாதிரியை அணிந்து அவர் முன் நிற்கிறாள். மகள் வாந்தியெடுத்தபோது முகம் சுளிக்காமல் இரு கையாலும் ஏந்தியவள். அவளுக்கு இவரை நினைவில்லை. சன்னல் வெயில் நீலத் துணியில் ஒரு சுருக்கமும் காட்டாமல் வழிகிறது. “கச்சிதமா இருக்குண்ணே.” “நிக்கறதுக்கா சம்பளம் தர்றாங்க? குனிஞ்சு தரையைத் துடைக்கிற மாதிரி செய்ங்க தங்கச்சி.” சிரித்துக்கொண்டே குனிகிறாள். சட்டை இடுப்புக்கு மேலே ஏறுகிறது. இடது கை தானாகப் பின்னால் போய் அதை இழுத்துப் பிடிக்கிறது. “எந்தச் சட்டையும் இப்படித்தாண்ணே. ஒரு கை துடைக்க, ஒரு கை மானத்தைக் காக்க. பழகிடுச்சு.” அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய உதவியைச் சொன்னால் அவள் கூசிப்போவாள். அவள் போன பிறகு, துப்புரவுப் பெண்கள் எல்லோருடைய சீருடைக்குமான அளவுக் காகிதத்தை மேசையில் விரிக்கிறார். முதுகுப் பகுதியின் கீழே நான்கு விரல் அகலத்துக்குக் காகிதம் ஒட்டி நீட்டுகிறார். அறையில் வேறு யாரும் இல்லை. கடவுளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, புது அளவில் துணியை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கிறார்.