கைதூக்காதவள்

காலையில் காப்பி அறை வாசலில் நின்று, "வந்துட்டேம்மா. சாப்பிட்டேம்மா. சும்மா சும்மா போன் பண்ணாத" என்று நல்ல தமிழ் பேசிய பெண், பத்து மணிக்குத் தமிழே தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சிவகாமசுந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மூன்றாம் மாடி. வெளிநாட்டுக்குப் போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு அங்கே இரண்டு நாள் ஓரியன்டேஷன் நடக்கும். சுந்தரிக்கு அங்கே கூட்டித் துடைத்துக் காப்பி போடுகிற வேலை. ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கே எல்லாம் மனப்பாடம். ஏர்போர்ட்டுக்கு ஆள் வரும். பிள்ளைகளின் தலையைத் தொடக்கூடாது. முதல் வாரம் பாடம் எடுக்க விடமாட்டார்கள், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஒரு வேடிக்கையான வகுப்பு உண்டு. யாருக்கும் தெரியாத பாஷையில் அரைமணி நேரம் பாடம் நடக்கும். ஆங்கிலம் ஒரு வார்த்தை கிடையாது. ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று டீச்சராகப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். வழக்கமாக ஒரு துருக்கிக்கார அம்மா வருவார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல்.

"ஆன்ட்டி, நீங்க தமிழ்ல எடுங்க லா" என்றார் பயிற்சி நடத்தும் வேய்ன், பேர் அப்படியே தவிர அவரும் தமிழர்தான். "நான் எடுத்தா பாதியில இங்கிலீஷ் வந்துடும்."

"நான் நாலாவதோட நின்னவ சார்."

"தமிழ் அதுக்கு முன்னாடியே வந்துருச்சுல்ல?"

தமிழ் தெரிந்தவர்கள் கைதூக்கலாம், அவர்களுக்கு இந்த வகுப்பு வேண்டாம், கீழே போய்க் காப்பி குடிக்கலாம் என்று வேய்ன் அறிவித்தார். பதினான்கு பேரில் ஒரு கைகூட எழவில்லை. அந்தப் பெண், நிரஞ்சனா, குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சுந்தரிக்கு இருந்த கவலை வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக டீச்சர் இடத்தில் நிற்கப் போகிறாள். சொதப்பக்கூடாது.

"எல்லாரும் இங்க பாருங்க" என்று வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரலே இல்லை. தோ பாயோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்த துரைசாமி சாரின் குரல், அதே இழுவையோடு. மழையில் நனைந்த கேன்வாஸ் ஷூ நாற்றமும், ரீசஸ் இடைவேளையில் கிடைக்கும் பால் பாக்கெட்டும், கரும்பலகை துடைக்க நடக்கும் சண்டையும் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. தமிழ்ப் பிள்ளைகள் போதவில்லை என்று அந்தப் பள்ளிக்கூடத்தை மூடி, இவளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். முதல் நாள் டீச்சர் உட்காரச் சொல்ல, இவள் எழுந்து நின்றாள். சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். அதோடு படிப்பு போதும் என்றாகிவிட்டது.

இன்றைக்கு அவள் முறை. எழுந்திருங்க, உட்காருங்க, கையைத் தட்டுங்க என்று செய்து காட்டிக்காட்டிச் சொன்னாள். சின்ன வயசுக்காரர்கள் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். துரைசாமி சார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

மிஸ்டர் லிம்மின் முறை வந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், கம்போடியாவுக்குப் போகப் போகிறார்.

"துண்டை மடிங்க."

மடித்துக் காட்டித்தான் சொன்னாள். அவர் துண்டை வாங்கினார், யோசித்தார், தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டார்.

சுந்தரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அறை முழுக்கச் சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

அடுத்து நிரஞ்சனா.

"சன்னலைத் திறங்க" என்றாள் சுந்தரி, வேண்டுமென்றே சுலபமாக.

அந்தப் பெண் எழுந்து நேராகப் போய் விளக்கை அணைத்தாள். மறுபடியும் ஒரே சிரிப்பு. இந்தத் தடவை மிஸ்டர் லிம்கூடச் சிரித்தார். சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. பெற்ற தாயோடு பேசுகிற பாஷையை நாலு பேர் முன்னால் இப்படி ஒளித்து வைப்பாளா ஒருத்தி?

சாப்பாட்டு வேளையில் அவளைக் காப்பி அறையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, சன்னல்னா என்னன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஆன்ட்டி."

"தமிழ் பேசுறது அவ்வளவு கேவலமாப் போச்சா? இல்ல, கூட்டித் துடைக்கிறவகிட்ட எதுக்குப் பேசணும்னா?"

நிரஞ்சனா வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். காலையில் லிஃப்டில் மிஸ்டர் லிம் அவளிடம் புலம்பினாராம். இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருவன்தான் மக்காக உட்காரப் போகிறேன், பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாமா என்று. அதனால்தான் காப்பி குடிக்கப் போகாமல் அவர் பக்கத்திலேயே இருந்தாளாம்.

"துண்டு விஷயத்துக்கப்புறம் பையை எடுத்து மடியில வச்சுட்டாரு ஆன்ட்டி. கிளம்பிடுவாரோன்னு பயந்துட்டேன். அதான் நானும் தப்பாப் பண்ணேன். அவருக்குத் தெரிய வேணாம்."

சுந்தரிக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. "நல்ல பொண்ணும்மா நீ" என்றாள். "ஆனா அந்தப் பிள்ளைங்களப் பாரேன். வயசான மனுஷன்னுகூடப் பார்க்காம எப்படிச் சிரிக்குதுங்க. யாரு அதை ஆரம்பிச்சுவிட்டது?"

நிரஞ்சனா தட்டைக் கழுவப் போனாள். சுந்தரி விடவில்லை. திரும்பக் கேட்டாள்.

"நீங்கதான் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.