பதினேழாவது மேற்கோள்

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் கொடுத்த இனிப்பு வாயில் கரைந்துகொண்டிருந்தபோதே, நூலகக் கணினியில் அவள் அந்தக் கட்டுரையைக் கண்டாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு வாரம்தான் இருந்தது. தன் தலைப்பில் புதிதாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கடைசியாக ஒரு தடவை தேடினாள், அவ்வளவுதான். கிணற்றில் உப்பு ஏறுவதைப் பற்றி வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற ஆள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

முதல் பத்தி அவளே எழுதியது மாதிரி இருந்தது. இரண்டாவதைப் பார்க்காமலே ஒப்பிக்க முடிந்தது.

தற்செயலாக இருக்கும் என்று மனம் இன்னும் சப்பைக்கட்டு கட்டியது. கீழே, மேற்கோள் பட்டியலுக்குப் போனாள்.

பதினேழாவதாக இருந்த நூலின் பெயர்: ‘தொடர்ந்து படிக்க உள்நுழைக’.

அப்படி ஒரு நூல் உலகத்திலேயே கிடையாது. போன வருடம் நூலகத் தளத்தில் அவளுடைய அனுமதி காலாவதியாகி, கடவுச்சொல் கேட்கும் பக்கம் திறந்திருந்தது. அதைக் கவனிக்காமல் அவள் பொத்தானை அமுக்க, மேற்கோள்களைச் சேகரிக்கும் மென்பொருள் அந்தப் பக்கத்தின் தலைப்பையே நூலாகப் பதிந்துகொண்டது. அந்த அசட்டுப் பிழையோடுதான் முதல் வரைவைப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

வேறு யாருக்கும் அனுப்பவில்லை.

“இதுல சரக்கே இல்லம்மா. தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எழுது” என்றார்.

அவளும் எழுதினாள். அளவுகளும் அட்டவணைகளும் மட்டும் அதேதான். கிணற்று உப்பை மாற்றி எழுத முடியாதே.

இனி ஆய்வேட்டை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டால், திருடி என்று வரப்போவது அவள் பெயர். பட்டமும் போகும், மானமும் போகும்.

மேலே போய் ஆசிரியர் பெயரைப் பார்த்தாள். கேள்விப்படாத பெயர். பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு படம்.

அந்த முகம் அவளுக்குத் தெரியும். பேராசிரியரின் மேசையில், பேனாக் குவளைக்குப் பின்னால், சட்டத்துக்குள் இருந்து தினமும் சிரிக்கிற முகம்.

“நம்ம பாப்பாவுக்குக் காலேஜ்ல வேலை கிடைச்சிருச்சும்மா, எடுத்துக்கோ” என்றுதான் சற்றுமுன் பெட்டியை நீட்டினார்.

இனிப்பைக் கைக்குட்டையில் துப்பினாள். நாக்கில் ஒட்டியிருந்த மிச்சம் குமட்டியது. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கியது நினைவுக்கு வர, தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிறகு அந்த முகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள்.

‘வணக்கம் அக்கா. உங்கள் கட்டுரையில் உள்ள பதினேழாவது நூல் எங்கள் நூலகத்தில் கிடைக்கவில்லை. நீங்கள் படித்த பிரதியை அனுப்பி உதவவும்.’

நகல் பெறுவோர் கட்டத்தில், கட்டுரையை வெளியிட்ட இதழாசிரியரின் முகவரியை இட்டாள். கொஞ்சம் யோசித்துப் பேராசிரியரின் முகவரியையும் சேர்த்தாள். இணைப்பாக, போன வருடம் அவருக்கு வரைவோடு அனுப்பிய மின்னஞ்சல்.

அனுப்பிவிட்டு, வாய் கொப்பளிக்க எழுந்து போனாள்.