எதிரே தொங்கிய பலகை

ஆர்கன்சாஸ் நெடுஞ்சாலையில், சகன்பாயின் மோட்டலுக்கு நேர் எதிரே இருந்த மோட்டலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'உரிமையாளர்: அமெரிக்கர்.'

சகன்பாயின் வாசலுக்குத் திரும்பிய கார்கள்கூட அதைப் பார்த்துவிட்டு எதிரே போய் நின்றன.

"குஜராத்லேருந்து எங்கப்பா வந்த நாள்லேருந்து இந்த ஊர்ல கக்கூஸ் கழுவறோம். இன்னும் நாம அன்னியனா? எவன் அவன்?"

"இப்படிக் கத்திக் கத்தித்தான் பெத்த புள்ளைய விரட்டினீங்க," என்றாள் மனைவி கபிலாபென்.

"அவன் பேச்ச எடுக்காத. எனக்கே தொழில் கத்துக்குடுக்க வந்தவன்."

விறுவிறுவென்று சாலையைக் கடந்தார். எதிர் மோட்டல் கவுன்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்தாள்.

"சிரிப்பு கிடக்கட்டும். உன் முதலாளியக் கூப்பிடு. எவ்ளோ பெரிய அமெரிக்கன்னு பாக்கறேன்."

அவள் உள்கதவைத் திறந்தாள். தங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே என்று தன் மோட்டலில் அவர் பகலில் தடை செய்திருந்த கடுகு, பெருங்காயத் தாளிப்பு மூக்கில் ஏறியது. பின்னாலேயே கையைத் துடைத்துக்கொண்டு வந்தான் அவர் மகன் நிலேஷ்.

"வெக்கமா இல்ல? அப்பன் வயித்துல அடிக்க இப்படியொரு பொய்யா?"

"என்ன பொய்? உங்க மோட்டல்ல நாம குடியிருந்த ஆறாம் நம்பர் ரூம்லதான் பொறந்தேன். என்னைத் துரத்தறப்ப நீங்க என்ன சொன்னீங்க பப்பா? 'நீ எங்க ஆளே இல்லடா, அமெரிக்கன்'னீங்க. அதைத்தான் எழுதி மாட்டியிருக்கேன்."