கையொப்பத்துக்கு மேலே

தினமும் மாலை ஐந்து மணிக்கு நாற்பது கிளைகளுக்கும் மெயிலில் அறிக்கை அனுப்புவது என் வேலை. கை ஓய்ந்துபோய், மெயிலில் இருப்பதை எடுத்துவிட்டு வழக்கமான வரியைத் தானாகவே போடும் குட்டி நிரலாக ஒரு மேக்ரோ எழுதினேன். முதலில் அது என் கையொப்பத்தையும் சேர்த்து விழுங்கியது. கையொப்பத்தைத் தொடாதே, அதற்கு மேலே இருப்பதை மட்டும் மாற்று என்று திருத்தினேன். அன்று முதல் சொன்ன பேச்சு கேட்டது.

பதினோரு வருஷம் போதும் என்று போன திங்கட்கிழமை மேனேஜருக்கு ராஜினாமா மெயில் அனுப்பினேன். ‘அறிக்கை கிடைத்தது, நன்றி’ என்று பதில் வந்தது. அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். ‘இன்றைய அறிக்கையை இணைத்துள்ளேன்’ என்று ஒரே வரி; கீழே என் கையொப்பம். மேக்ரோவை அழித்துவிட்டு மறுபடி அனுப்பினேன். அதே நன்றி வந்தது.

மறுநாள் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவரிடமே நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

“அறிக்கை இணைச்சிருக்கேன்னு சொல்ல யாராவது இப்படிக் கைப்பட எழுதுவாங்களா? மெயிலே போதுங்க.”

வீட்டுக்கு வந்ததும் மனைவியை உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் வெறுங்கைகளைப் பார்த்தாள்.

“இணைச்சிருக்கேன், இணைச்சிருக்கேன்னு அரை மணி நேரமா சொல்றீங்களே, எங்கேங்க?”