புலி எடுத்த படம்

"தியேட்டருக்குள்ள எதுக்குடா தொப்பியும் முகமூடியும்?" என்றார் மா சாங்-தால்.

"ஜலதோஷம்ப்பா," என்றான் மகன் யுன்-சோ.

விடுமுறைக்குச் சொந்த ஊரான டேகுவுக்கு வந்தவனை, ஊரே கொண்டாடும் படத்துக்கு வலுக்கட்டாயமாக இழுத்து வந்திருந்தார் அப்பா. திரையில் பையன், "உங்க கடை எனக்கு வேண்டாம், நான் கடலுக்குப் போறேன்" என்று தன் அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னபோது, சாங்-தால் மூக்கைச் சிந்தினார்.

"பாத்தியா? மனசுல இருக்கறதை அப்பன்கிட்ட பட்டுனு போட்டு உடைச்சான். நீயும் இருக்கியே! செருப்பு வேணும்னாக்கூட அம்மாவைத் தூது அனுப்புவே. சியோல்ல மூணு வருஷமா அரசாங்கப் பரீட்சைக்குப் படிச்சு என்னத்தைக் கிழிச்சே?"

"சரிப்பா."

"இதை எடுத்தவன் பேரு புலியாம். பேருலயே தைரியம் தெரியுதுல்ல? அவனைப் பெத்தவன் குடுத்து வெச்சவன்."

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. நடித்தவர்கள் ரசிகர்களை வணங்க மேடையேறினார்கள்.

"டைரக்டர் புலிக்குக் கடுமையான வயித்துவலி. அதனால வர முடியலை," என்றார் அறிவிப்பாளர்.

"சே! அவருக்குக் கை குடுக்கலாம்னு இருந்தேன்," என்ற சாங்-தால் மகன் பக்கம் திரும்பினார். "மேடையில எல்லாரும் குனிஞ்சு வணங்கறாங்க, நீ என்னடா திருடன் மாதிரி மூஞ்சியை மூடிக்கிட்டு?"

தொப்பியையும் முகமூடியையும் சேர்த்துப் பிடுங்கினார்.

மேடையிலிருந்த கதாநாயகப் பையன் மூன்றாம் வரிசையிலிருந்த யுன்-சோவைப் பார்த்து முகம் மலர்ந்தான். இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு மைக்கிலேயே கேட்டான்:

"புலி சார்! வயித்துவலி சரியாப் போச்சா?"