பதினேழாவது ஷரத்து

மாலை ஐந்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

ஐந்தைத் தாண்டிவிட்டால் லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடத்துக்கு நீளும். பதினேழாவது ஷரத்தை அவள் நாலு முறை படித்துவிட்டாள். வேண்டாமென்றால் முப்பது நாள் முன்னதாக, அலுவலகம் மூடுவதற்குள், எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது.

ஒப்பந்தம் மகன் பெயரில் இருந்தது. அவனுக்கு மட்டும் ஞாபகம் வந்துவிடக் கூடாது. எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு வீட்டின் வெட்டிச் செலவுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து வருகிறான். செய்தித்தாள் நின்றது. பழைய தொலைபேசி நின்றது.

கணவரின் சக்கர நாற்காலிக்காகப் போட்ட லிப்ட். அவர் போய் இரண்டு வருடமாகிறது. அவளுக்கு மாடியில் வேலையே இல்லை.

மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். இன்றும் வந்திருந்தார். சீருடை போடுவதை விட்டு வெகு நாளாகிறது. கையெழுத்து வாங்கும் நோட்டும் கிடையாது. எல்லாம் இப்போது போனிலேயே என்றார்.

எண்ணெய் விடுவார், கதவைத் துடைப்பார். கடைசியில் இருவருமாக ஏறி, ஒருமுறை மேலே போய் இறங்குவார்கள். பிறகு டீ. ஒரு ஆளுக்காக அடுப்பு மூட்டும் அலுப்பைப் பற்றிப் பேச இருவருக்குமே நிறைய இருந்தது.

தான் புரிந்துகொண்டது சரிதானா என்று அவரிடம் ஷரத்தைக் காட்டினாள். அவர் தாளை வாங்கவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா அது பாட்டுக்கு நடக்கும்க்கா."

ஐந்து ஐந்துக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்ட அவருக்கு நேரம் பிடித்தது.

ஐந்தேகாலுக்கு மகன் கூப்பிட்டான். மாத்திரை, தூக்கம், கதவுப் பூட்டு என்று வழக்கமான மூன்றையும் விசாரித்து முடித்தான். வைக்கப் போனவனை அவளே நிறுத்தினாள். இனி ஒரு வருடத்துக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியாது என்கிற தெம்பு.

கெடு தாண்டிவிட்டது, மெக்கானிக் இப்போதுதான் வந்து பார்த்துவிட்டுப் போனார், அடுத்த வருடமும் வருவார், உன் பருப்பு இங்கே வேகாது என்று சொல்லிச் சிரித்தாள். சொந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.



"அம்மா, அந்த கான்ட்ராக்டை நான் போன வருஷமே எழுதிக் கொடுத்து நிறுத்திட்டேனே. வந்துட்டுப் போறது யாரு?"